ஐயமும் தீர்ப்பும்

சென்ற ஆண்டு ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு மாலையில், என் பழைய மாணவர் ஒருவர் தம் மனைவியுடன் எங்கள் இல்லத்திற்கு வந்தார். நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன், மருத்துவன் அல்லன். ஆயினும் எண்கள் நிரம்பிய தாள் எதுவாயினும் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டும் வழக்கம் என் மாணவர் சிலரிடம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கடன் வட்டிக் கணக்கு வரும். காப்பீட்டுப் பத்திரம் வரும். அன்று வந்தது ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கை. அவர்களது இசைவைப் பெற்று, ஆளடையாளம் தெரியாத அளவுக்குச் சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். இத்தகைய செய்தியை இவ்விதழில் எழுதலாமா என்று தயங்கும் அன்பர்கள் இருக்கலாம். பேசாமல் விட்டதனால் விளையும் துன்பத்தை அன்று என் வீட்டுக் கூடத்திலேயே கண்டேன்; ஆகவே எழுதத் துணிந்தேன்.

அவர்களுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள். இருமுறை கரு தங்கி, இருமுறையும் மூன்றாம் மாதம் நிறைவதற்குள் கலைந்துவிட்டது. இரண்டாம் முறைக்குப் பிறகு ஒரு மருத்துவமனையில் பல பரிசோதனைகளை ஒருங்கே எழுதிக் கொடுத்தார்கள். முடிவு வந்த தாளில் நான்கு வரிகள். மூன்று வரிகளில் வில்லங்கம் ஏதுமில்லை. நான்காம் வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1, 2, ஐ.ஜி.எம்.; 1.3, பாசிட்டிவ். அந்தப் பெண்ணுக்கு உடலில் எந்தக் குறையும் இல்லை. கொப்புளம் இல்லை, புண் இல்லை, எரிச்சல் இல்லை. அவர் அறிந்தவரை என்றுமே இருந்ததும் இல்லை.

மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தாளை வீடு பார்த்துவிட்டது. கைப்பேசிக்கு வந்த அறிக்கையைச் சொந்தத்தில் ஓர் இளைஞர் படித்து, 'பால்வினை நோய்' என்று பொருள் சொல்லிவிட்டார். அதன்பின் அந்த வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வாய்திறந்து பழி சொல்லவில்லை. மாலையில் செபமாலை வழக்கம்போல் நடந்தது. முடிந்ததும் பேச்சு நின்றது. மருமகள் தண்ணீர் குடிக்கும் டம்ளர் மட்டும் சமையலறை மேடையை விட்டுப் பின்கட்டுத் திண்டுக்குப் போயிற்று. கணவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

"சார், இது நிச்சயந்தானா?" என்று என்னிடம் கேட்டவர் அவர்தான். அவர் மனைவி எதுவும் கேட்கவில்லை. முற்றத்தில் ஓட்டிலிருந்து சொட்டும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு நான் படிக்கத் தொடங்கினேன். ஒரு வாரம் படித்தேன். தெரிந்த மருத்துவர் இருவரிடம் என் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தேன். அவற்றுள் இன்றியமையாதவற்றை இங்கே கூறுகிறேன்.

இப்பரிசோதனைத் தொகுப்புக்கு 'டார்ச்' என்று பெயர். நாம் கையில் பிடிக்கும் டார்ச்சு விளக்கன்று. டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்ப்பிஸ், இவற்றோடு 'மற்றவை' எனக் கருவிலுள்ள குழந்தையையோ பிறந்த குழந்தையையோ தாக்கக்கூடிய தொற்றுகளின் முதலெழுத்துகளைக் கோத்து, 1971இல் ஆந்திரே நாமியாஸ் என்ற அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் அமைத்த சொல் அது. கருச்சிதைவு தொடரும் பெண்களுக்கு இதை வாடிக்கையாகச் செய்வதால் பயனில்லை, அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று இலண்டனிலுள்ள மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவ அரச கல்லூரி 2011ஆம் ஆண்டு வழிகாட்டியில் எழுதிற்று. நம் நாட்டில் இன்றும் பல இடங்களில் அது எழுதித் தரப்படுகிறது. இந்த விளக்கைத் தேவையற்ற இடத்தில் அடித்ததால் அந்த வீட்டுச் சுவரில் விழுந்தது நிழல்தான்.

ஹெர்ப்பிஸ் என்பது 'ஊர்தல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்மூரில் அக்கி என்று சொல்லி, குயவரிடம் காவி கரைத்து எழுதச் சொல்வார்களே, அந்த அக்கி பெரும்பாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரசால் வருவது. இங்கே நாம் பேசும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸில் இரு வகைகள் உள்ளன. முதல் வகை பெரும்பாலும் வாய்ப்புறத்தில் வாழ்வது. குழந்தைப் பருவத்தில் அன்போடு கொஞ்சியவர்களின் முத்தத்தில் வந்து சேர்வது. காய்ச்சல் நாளில் சிலருக்கு உதட்டோரம் வெடிக்கும் கொப்புளம் இதுதான். இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவால் பரவுவது. முதல் வகையும் சில வேளைகளில் அவ்வாறு பரவுவதுண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 50 வயதுக்கு உட்பட்டோரில் 380 கோடிப் பேரிடம், அதாவது நூற்றுக்கு 64 பேரிடம் முதல் வகை இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் 52 கோடிப் பேரிடம், நூற்றுக்கு 13 பேரிடம் இரண்டாம் வகை இருக்கிறது. இரு வகையும் நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கி வாழ்நாள் முழுதும் இருக்கும். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தக் கணக்கைச் சொன்னபோது, பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பரீட்சைக் காலத்தில் கொப்புளம் வரும் என்பது எங்கள் வீட்டுப் பழைய வேடிக்கை.

இனி அந்தப் பரிசோதனை. அது வைரசைத் தேடுவதில்லை. வைரசை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடுகிறது. திருடனைக் கண்டதாக அது சொல்வதில்லை; திருடனைத் தேடிப் புறப்பட்ட காவலரின் காலடித் தடத்தைக் கண்டதாகச் சொல்கிறது. காவலர் வேறு யாரையோ தேடிக்கூடப் போயிருக்கலாம். எதிர்ப்பொருள்களில் ஐ.ஜி.எம். என்பது தொற்றின் தொடக்கத்தில் தோன்றுவது, ஐ.ஜி.ஜி. என்பது பின்னர்த் தோன்றி நிலைப்பது என்பது பாடநூல் விதி. ஹெர்ப்பிஸில் இந்த விதி நிற்பதில்லை. பழைய தொற்று மீண்டும் தலைதூக்கும்போதும் ஐ.ஜி.எம். தோன்றலாம், அது எந்த வகையைச் சேர்ந்தது என்றும் பிரித்துச் சொல்லாது. ஆகவே ஐ.ஜி.எம். சோதனை பயனற்றது, அதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறுகிறது. என் மாணவரின் கையிலிருந்த தாள் அந்தச் சோதனையின் தாள்தான்.

ஐ.ஜி.ஜி. சோதனை இதைவிட மேலானது. அதிலும் ஜி என்னும் கிளைக்கோபுரதத்தைக் கொண்டு செய்யும் சோதனையே இரு வகையையும் பிரித்தறியும். அங்கும் ஓர் இக்கட்டு உண்டு. பொதுவாக முடிவு 0.9க்குக் கீழ் இருந்தால் 'இல்லை' என்றும், 1.1க்கு மேல் இருந்தால் 'உண்டு' என்றும் அச்சிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே 'ஐயத்திற்குரியது' என்று ஒடுக்கமான ஒரு திண்ணை இருக்கிறது. ஆனால் இரண்டாம் வகைக்கான சோதனைகளில் 1.1 முதல் 3.0 வரை வரும் குறைந்த எண்கள் பல வேளைகளில் பொய்யாகவே 'உண்டு' என்று காட்டுகின்றன. வேறு முறையில் அமைந்த இரண்டாம் சோதனையால் உறுதிசெய்யாமல் அவற்றை ஏற்கக்கூடாது என்பது அதே வழிகாட்டியின் அறிவுரை. புதிதாகத் தொற்றியவரிடமோ, 12 வாரங்கள் செல்லும்வரை சோதனை 'இல்லை' என்றே சொல்லவும் கூடும். ஆக, 'உண்டு' என்பதும் பொய்யாகலாம். 'இல்லை' என்பதும் பொய்யாகலாம்.

என் தொழிலுக்குரிய ஒரு கணக்கை இங்கே சொல்ல விடை தாருங்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் நல்ல மாணவர்களே நம்ப மறுப்பார்கள். அறிகுறி ஏதுமற்ற 2000 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் நூற்றுக்கு ஐவரிடம், அதாவது 100 பேரிடம் தொற்று இருப்பதாகக் கொள்வோம். சோதனையோ மிகத் திறமையானது: தொற்றுள்ள நூறு பேரில் 95 பேரைக் கண்டுபிடிக்கும், தொற்றில்லாத நூறு பேரில் ஐவரைத்தான் தவறாகச் சுட்டும். இப்போது எண்ணுங்கள். தொற்றுள்ள 100 பேரில் 95 பேர் அகப்படுவார்கள். தொற்றில்லாத 1900 பேரிலும் நூற்றுக்கு ஐந்து வீதம் 95 பேர் அகப்படுவார்கள். 'பாசிட்டிவ்' என்ற தாளோடு வீடு திரும்பும் 190 பேரில் சரிபாதிப் பேர் ஒன்றுமில்லாதவர்கள். சோதனை பழுதானதல்ல, அரிதான ஒன்றைக் கூட்டத்தில் தேடும்போது கணக்கு இப்படித்தான் விழும். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தாம். எனினும் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, கருவுற்ற பெண்கள் உட்பட அறிகுறியற்றோர் எவருக்கும் இந்த இரத்தச் சோதனையை வாடிக்கையாகச் செய்ய வேண்டாம் என்று 2016இலும் மீண்டும் 2023இலும் அறிவுறுத்தியதற்கு அடிப்படை இத்தகைய கணக்குதான். பொய்யான முடிவு மனக்கலக்கத்தையும் உறவுகளில் முறிவையும் உண்டாக்கும் என்பதை அது ஒரு தீங்காகவே எண்ணிச் சொல்கிறது. பின்கட்டுக்குப் போன டம்ளர் மருத்துவ ஏட்டிலேயே இடம்பெற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இதுவரை சொன்னது எண்ணைப் பற்றியது. என்னை உறுத்தியது வேறு. அந்த வீட்டார் ஒரே மூச்சில் இரண்டு பள்ளங்களைத் தாண்டிவிட்டார்கள். தாளிலிருந்து நோய்க்குத் தாண்டியது முதல் தாண்டல். அது வலுவற்றது என்பதைக் கணக்கு காட்டிவிடுகிறது. நோயிலிருந்து குற்றத்திற்குத் தாண்டியது இரண்டாம் தாண்டல். அதைத் தடுக்கக் கணக்கால் முடியாது. ஏனெனில், சோதனை ஐயத்திற்கிடமின்றி உறுதியானதாகவே இருக்கட்டும். அப்போதும் அது என்ன சொல்கிறது? முதல் வகை என்றால், பாட்டி கொடுத்த முத்தம் என்று சொல்லலாம். இரண்டாம் வகை என்றால்? எதிர்ப்பொருளின் மேல் தேதி எழுதியிருப்பதில்லை. அது திருமணத்திற்கு முந்தியதா பிந்தியதா என்று தெரியாது. தனக்கு இருப்பதே அறியாத கணவரிடமிருந்து மனைவிக்கு வந்ததா என்று தெரியாது. வெளியே சொல்ல முடியாமல் ஒரு பெண் அனுபவித்த வன்கொடுமையின் எச்சமா என்றும் தெரியாது. நாள், ஆள், மனம் ஆகிய மூன்றில் ஒன்றைக்கூட இரத்தம் சொல்லாது. குற்றம் என்ற சொல்லுக்கு இம்மூன்றும் இல்லாமல் பொருளே கிடையாது.

மேலும் ஒன்று கவனித்தேன். நான்கு ஆண்டுகளில் அந்தக் கணவரின் இரத்தத்தை எவரும் கேட்கவில்லை.

மறைநூலில் மனித உடலைச் சோதித்துப் பார்க்கும் இரண்டு முறைகள் அருகருகே இரண்டு நூல்களில் உள்ளன. ஒன்று லேவியர் நூலின் 13ஆம் அதிகாரம். ஒருவரின் தோலில் வெண்புள்ளி கண்டால் அவரைக் குருவிடம் கொண்டுவர வேண்டும். அது தோலைவிட ஆழமாகத் தோன்றாமலும் அதிலுள்ள முடி வெளுக்காமலும் இருந்தால், குரு தீர்ப்புச் சொல்வதில்லை. ஏழு நாள் தனியே வைத்து மீண்டும் பார்க்கிறார். பரவவில்லையெனில் இன்னும் ஏழு நாள். பிறகும் பரவாமல் மங்கியிருந்தால் அவர் தூய்மையானவர் என்று அறிவிக்கிறார். அவர் தம் உடையைத் துவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்த அதிகாரத்தைத் தொழுநோயாளரை ஒதுக்கிய கொடிய சட்டமாகவே நான் பலகாலம் படித்து வந்திருக்கிறேன். அதில் அந்தக் கொடுமையும் இருக்கிறது. ஆனால் இம்முறை படித்தபோது கண்ணில் பட்டது வேறு: 'இன்னும் தெரியவில்லை' என்பதற்கு அந்தச் சட்டம் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பதினான்கு நாளில் அவர் தீட்டுள்ளவரும் அல்லர், தீட்டற்றவரும் அல்லர். பார்ப்பவருக்குத்தான் அறிவு போதவில்லை. குறை பார்ப்பவரிடத்தில் இருக்கிறது என்பதால் அவர் மீண்டும் வந்து பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறார்.

இரண்டாவது, எண்ணிக்கை நூலின் 5ஆம் அதிகாரம். மனைவி மேல் கணவனுக்கு ஐயம் எழுகிறது. சாட்சி இல்லை. அவன் அவளைக் குருவிடம் அழைத்து வருகிறான். கூடாரத் தரையின் புழுதியைத் தண்ணீரில் கலந்து, சாபச் சொற்களை எழுதி அந்நீரில் கழுவி, அவளைக் குடிக்கச் செய்கிறார்கள். குற்றமுள்ளவளானால் வயிறு வீங்கும். குற்றமற்றவளானால் ஒன்றும் ஆகாது, கருத்தரிப்பாள். இந்தச் சோதனை மனைவிக்கு மட்டும் உரியது. கணவனுக்கு இப்படி ஒன்றில்லை. நம் மண்ணின் காவியங்களிலும் தீயில் இறங்கச் சொல்லப்பட்டவள் பெண்தான்.

ஆய்வகம் செய்தது லேவியர் நூலின் சோதனை. அதை ஒழுங்காகக்கூட அவர்கள் செய்யவில்லை. மீண்டும் பார்க்கவும் இல்லை. அந்த அரைகுறைத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டார் நடத்தியது எண்ணிக்கை நூலின் சோதனை. கசப்பு நீர் இப்போது சிறு குழாயில் எடுக்கப்படுகிறது, கணினியில் அச்சாகி வருகிறது. அறிவியலின் உடையை அணிந்திருப்பதால் அதை எதிர்த்துப் பேசவும் அந்தப் பெண்ணுக்கு வாயில்லை. 'நான் அப்படிப்பட்டவள் அல்ல' என்று சொன்னால், 'தாளில் இருக்கிறதே' என்பார்கள்.

தீர்ப்பிடுவோருக்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்பது திருச்சபையில் பழைய கேள்வி. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1942 அக்டோபர் முதல் நாள் உரோமை ரோட்டா நீதிபதிகளிடம் இதைப் பற்றிப் பேசினார். எவ்வகையிலும் மாற்றமுடியாத முழு உறுதி ஒருபுறம். 'இருக்கலாம்' என்னும் நிகழ்தகவு மறுபுறம். இரண்டுக்கும் நடுவே அறநெறி உறுதி என ஒன்று உண்டு, நியாயமான ஐயம் எதுவும் எஞ்சாத நிலை அது, தீர்ப்புக்கு அது வேண்டும் என்றார். நிகழ்தகவு தீர்ப்புக்குப் போதாது. புள்ளியியல் கற்பித்தவன் என்பதால் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் கலை ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச வல்லது. 190 பேரில் 95 பேர் என்று சொல்லும். முன்னால் உட்கார்ந்து ஓட்டு நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த ஒருவர் எந்த 95இல் ஒருவர் என்று அது சொல்லாது. போதிய அடிப்படையின்றி அயலாரின் குற்றத்தை உண்மையென்று கொள்வது அவசரத் தீர்ப்பு என்று திருச்சபையின் மறைக்கல்வி கூறுகிறது. வாயால் சொல்லாமல் உள்ளுக்குள் கொண்டாலும் அது அவசரத் தீர்ப்புத்தான் என்கிறது. பேசாதிருந்த கணவருக்கு இதை நான் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. சற்றுக் கடுமையாக நடந்துகொண்டேனோ என்று பிறகு வருந்தினேன்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் மீண்டும் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த இளைஞர் பெருமூச்சு விட்டார். "அப்படியானால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா, சார்?" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் உண்மையாகவே தடுமாறினேன். ஐயம் தீர்ப்பைத் தடுக்கிறது, சரி. கடமையையும் அது தள்ளுபடி செய்துவிடுகிறதா? அறநெறி இறையியலார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காட்டில் வேட்டைக்காரன் நிற்கிறான். புதரில் ஏதோ அசைகிறது. மானாக இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். 'மனிதன் என்று உறுதியாகத் தெரியாதே' என்று சொல்லி அவன் அம்பு விடலாமா? கூடாது. பிறர் உயிருக்கோ நலனுக்கோ கேடு வரக்கூடிய இடத்தில், தெரியவில்லை என்பதே அவனைக் கட்டுப்படுத்துகிறது. மாமியார் புதரைப் பார்த்து அம்பு விட்டார். தாளைக் கிழித்துவிட்டு மறந்துபோகிறவரும் அதே புதருக்கு வேறொரு பக்கத்திலிருந்து குறிவைப்பவர்தான்.

ஏனெனில் தொற்று ஒருவேளை உண்மையில் இருந்தால் அதனால் சில கடமைகள் எழுகின்றன. அறிகுறி ஏதுமில்லாதவரிடமிருந்தும் அது பரவும். இரண்டாம் வகைக்கான எதிர்ப்பொருள் இருந்தும் ஒருபோதும் நோய்க்குறி காணாதவர்களிடம், சோதித்த நாட்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு நாள் வைரஸ் வெளிப்பட்டதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. தாய்க்கு நெடுநாளாக இருக்கும் தொற்றால் பிறக்கும் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் கருவுற்ற இறுதி மாதங்களில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து பெருகும். அப்படியானால், கணவரிடம் இருக்கிறதா என்று அறிவதும் மனைவியிடம் இருக்கிறதா என்று அறிவதும் சமமாகத் தேவைப்படுகின்றன. பேறுகாலம் பார்க்கும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லவும் வேண்டும். உடலை விட்டு வைரசை நீக்கும் மருந்து இல்லை. அடக்கிவைக்கும் மருந்து உண்டு. அசைக்ளோவிர் முதலிய மருந்துகள் உருவான பணிக்காக ஜெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதெல்லாம் அமைதியாகப் பேசித் தீர்க்கக்கூடிய செய்திகள். காசநோயைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ நாம் பேசுவதுபோலப் பேசக்கூடியவை. அச்சம் கப்பியிருக்கும் வீட்டில் பேச முடியாது. பேச முடியாத வீட்டில் உண்மையான தொற்றும் ஒளிந்துகொள்ளும். ஒளித்தவர் மேல் பழி சொல்வதில் பொருளில்லை. டம்ளரைத் தனியே வைக்கும் வீட்டில் எந்த மருமகள் தன் உடலைப் பற்றி உண்மை பேசுவாள்?

இரண்டு தவறுகளையும் தராசில் வைத்தால் இரண்டும் ஒரே எடையா என்று கேட்பீர்களானால், இல்லை என்பதே என் கருத்து. கவனக்குறைவால் வரும் தீங்குக்குப் பெரும்பாலும் மருந்து உண்டு. பழியால் ஒரு பெண்ணுக்கு நம் ஊரில் வரும் தீங்குக்கு மருந்து கிடையாது. பிற்பாடு தாள் பொய்யென்று தெரிந்தாலும் சொல் நின்றுவிடும். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து ஏற்றுக்கொண்டவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று வள்ளுவர் தெரிந்து தெளிதல் அதிகாரத்தை முடிக்கிறார். அது அரசன் தன் பணியாளரைத் தேர்வதற்குச் சொன்னது. திருமணத்துக்கு அது இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே தாளைக் கிழிக்க வேண்டாம் என்றேன். இந்தச் சோதனைக்குப் பொருளில்லை என்பதை மருத்துவரே உங்கள் அன்னையாரிடம் சொல்லட்டும். வகை பிரித்தறியும் ஐ.ஜி.ஜி. சோதனை தேவையா என்று அவரிடமே கேளுங்கள். தேவையென்றால் இருவருமாகச் செய்துகொள்ளுங்கள். குறைந்த எண் வந்தால் அதையும் முடிவென்று கொள்ளாதீர்கள் என்றேன். தலையசைத்தார். எல்லாம் தெளிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாகப் பேசினார். குரல் உயரவில்லை.

"இரத்தம் கொடுக்க நான் வருகிறேன், சார். குழந்தைக்காக வருகிறேன். ஆனால் முடிவு வருவதற்கு முன்னே இவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். ஒன்றுமில்லை என்று வந்தபின் 'உன்னை நம்புகிறேன்' என்றால், அது தாளை நம்பியதுதானே? அப்புறம் இருக்கிறது என்று வந்தால் என்ன சொல்வார்?"

என்னிடம் விடை இல்லை. ஒரு வாரம் படித்ததில் எங்கும் இந்தக் கேள்வி வரவில்லை. நான் அதுவரை அவருக்கு வழக்குரைஞர்போலப் பேசி, அவரைக் குற்றமற்றவர் என்று நிறுவப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். நிறுவ வேண்டிய நிலையில் அவரை வைத்ததே தவறு என்பது எனக்கு உறைக்கவில்லை. கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. கோவில் மணி அடித்தபோது எழுந்து விடைபெற்றுப் போனார்கள்.

ஐந்தாறு நாள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். மழை இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு முறை சொல்லச் சொன்னேன். "அம்மாவிடம் பேசிவிட்டேன், சார். அந்த டம்ளரை எடுத்து நானே உள்ளே வைத்துவிட்டேன்."

"இரத்தம் கொடுத்தாயிற்றா, தம்பி?"

"இல்லை, சார். நாளைக் காலையில்தான். இரண்டு பேரும் போகிறோம்."

முடிவு என்னவாயிற்று என்று நான் பிறகு கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.